நொத்தாரிசு பட்டினி கிடந்த முப்பத்தொரு நாள்

என் அன்புச் சிறி, என் ஒரே தம்பி,

நீ போய் மூன்று மாதமாகிறது. வெள்ளவத்தையில் மழை. லிப்ட் வழமைபோலப் பழுது. மேல்மாடிக்காரர் வழமைபோல என்னிடம் வந்து முறைப்பாடு சொல்லிவிட்டுப் போகிறார், நான்தான் அதைக் கழற்றி வைத்திருப்பது போல. உன் மூக்குக்கண்ணாடியை இன்னும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. தூசு தட்டுகிறேன், திரும்ப அதே இடத்தில் வைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன்னை ஏசுவதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன். மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் கிழித்தேன். செத்தவீடு முடிந்த கிழமை, நீ புதுக்கடை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் கறுப்புப் பையைத் துப்புரவாக்கினேன். அதற்குள் இருதய டொக்டரின் துண்டுச் சீட்டு ஒன்று நாலாக மடித்தபடி இருந்தது. நீ மயங்கி விழுவதற்கு எட்டு மாதம் முன்பு எழுதியது. சோதனைகள் சிலவற்றை உடனே செய்யவேண்டும் என்று போட்டு, 'உடனே' என்பதற்குக் கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார். நீ ஒன்றும் செய்யவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

ஒரே வீட்டில் இருந்து, ஒரே மேசையில், என் கையால் சாப்பிட்டவன் நீ. எனக்கு ஏன் சொல்லவில்லை? உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை ஒவ்வொரு நாளும் உன் படத்துக்கு முன்னால் நின்று இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டேன். சில நாள் கத்தியும் கேட்டேன். பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டிப் பார்த்தார்கள்.

பதில் கிடைத்துவிட்டது, சிறி. நீ சொல்லாத பதில், வேறொருவர் வாயால் வந்தது. அதற்கு முன்னால் நான் உனக்கு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். உன் மீன்கள் இல்லை. ஏழும் இல்லை.

இதை வேறு யாராவது வாசித்தால் தலையும் விளங்காது வாலும் விளங்காது. அதனால் முதலிலிருந்து வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

நீ புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். நான் அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தினவள். இரண்டு பேரும் கலியாணம் கட்டவில்லை. அம்மா போனபிறகு இந்த இரண்டு அறை வீட்டில் நீயும் நானும் உன் நாலடி மீன்தொட்டியும்தான். தொட்டியில் ஏழு கோல்ட்பிஷ். நம் நாட்டு ஜூரி சபையில் ஏழு பேர் என்பதால் அவைக்கு ஜூரிமார் என்று பெயர் வைத்தாய். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "ஜூரிமார் கூடியிருக்கினம், கதையைக் கவனமாய்க் கதையுங்கோ" என்பாய். அவர்கள் சிரிப்பார்கள். நானும், நூறாவது தரம் கேட்டாலும், கொஞ்சம் சிரிப்பேன்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு பின்னேரம், உன் சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தாய்.

"அக்கா, ஏசாமல் பாருங்கோ."

உள்ளே பிஸ்கட் அளவில் ஓர் ஆமை. ஓடு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. விரலால் தொட்டால் ஈரத்தோல் போல வழுக்கியது. பேனை மூடி போல நீண்ட மூக்கு. சீனத்து மெல்லோட்டு ஆமை என்றாய், கொட்டாஞ்சேனை மீன்தொட்டிக் கடையில் அது உன்னைப் பார்த்ததாம்.

"ஆமை புகுந்த வீடு உருப்படுமோடா?"

"அது புகேல்லை அக்கா. நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

எதற்கும் உன்னிடம் ஒரு பதில் இருக்கும். அன்றைக்குத்தான் நான் அந்தச் சட்டத்தைப் போட்டேன். மீனும் ஆமையும் ஒரே தொட்டியில் இருக்கலாம், ஆனால் ஒரு மீன் குறைந்தாலும் அன்றைக்கே ஆமை வெளியே. வயிறு நிறைந்த ஆமை மீனைத் திரும்பியும் பாராது என்று நீ சொன்னாய். பாப்பம் என்றேன். நான் பாப்பம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

நாள் முழுவதும் வாயைத் திறவாமல், காணி உறுதி எழுதும் நொத்தாரிசுமார் போல எல்லாம் தெரிந்த முகத்தோடு ஒரு மூலையில் இருந்தபடியால் அதற்கு நொத்தாரிசு என்று பெயர் வைத்தாய். பின்னேரங்களில் சந்தையில் இறங்கி அதற்குக் கொஞ்சம் இறாலும் மீன் துண்டும் வாங்கி வருவாய். காலையில் கடையில் வாங்கிய உருண்டைத் தீன். நான் தேத்தண்ணியோடு வந்து தொட்டிக்கு முன்னால் நின்று மீன்களை எண்ணுவேன். பதினொரு வருடம், விடிந்தால் எண்ணினேன். ஒவ்வொரு நாளும் ஏழு. நொத்தாரிசு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்தது, அப்போதும் ஏழு. கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு, வருகிறவர்களிடம் நானே பெருமை அடித்தேன். "எங்கடை ஆமை மீன் தொடாது, தெரியுமோ?" நான் அப்படிச் சொல்லும்போது நீ எழுந்து குசினிக்குப் போய்விடுவாய். வெட்கப்படுகிறாய் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாய். ஏழாம் நாள் மூக்குக் குழாயை விலக்கிவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டாய்.

"நொத்தாரிசுக்குப் பசி வர விடாதேங்கோ அக்கா. பசிச்சால்தான் அது..."

"சரி சரி, நான் பாக்கிறன். நீ கதையாதை. குழாயை ஏன் எடுத்தனி? வை."

உனக்கு நான் கடைசியாகத் தந்த வாக்கு, சிறி. அதையும் அதட்டலாகத்தான் தந்தேன்.

செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மா வந்தா. அம்மாவின் தங்கச்சி, எழுபத்தெட்டு வயது, பஸ்ஸில் இராத்திரி முழுக்க நித்திரையில்லாமல் வந்து இறங்கியதும் நேரே குசினிக்குள் போய் ப்ரிட்ஜைத் திறந்தவ. சாவு நடந்த துடக்கு வீடு, முப்பத்தொன்று கழியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாசற்படி தாண்டக்கூடாது. சில வீடுகளில் எட்டுச் செலவு என்ற எட்டாம் நாள் சடங்குக்கு மீனும் இறைச்சியும் சமைத்துப் படைப்பார்கள். எங்கள் அம்மா வழியில் அது இல்லை என்று உனக்குத் தெரியும். ப்ரிட்ஜில் நீ நொத்தாரிசுக்கு வாங்கி வைத்த இறால் பொட்டலம் அன்றைக்கே குப்பைக்குப் போயிற்று. உருண்டைத் தீன் இருக்கிறதுதானே என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் நான் தீனைப் போடும்போது சின்னம்மா வந்து நின்றா.

"உதிலை என்ன கிடக்கு, பேரை வாசி பாப்பம்."

நான் தீன் இருந்த தகரப் பேணியைத் திருப்பி வாசித்தேன். கோதுமை மா. சோயா. மீன் மா.

'மீன்' என்ற அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போயிருக்கலாம். அவவுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் முப்பத்தாறு வருடம் ஒரு சொல்லையும் தாண்டாமல் வாசித்துப் பழகிய நாக்கு, கேட்டதும் ஒழுங்காக வாசித்துவிட்டது. சின்னம்மா அந்தப் பேணியையும், மீன்களுக்குப் போடும் பேணியையும் சேர்த்து எடுத்துக் கீழ் வீட்டாரிடம் கொடுத்துவிட்டா.

"மச்சத்துக்குமோ மச்சம் கூடாது, சின்னம்மா?"

"வீட்டுக்குள்ளை எண்டால் ஆருக்கும் கூடாது பிள்ளை. அவன்ரை ஆத்துமாவுக்கு ஆகாது."

அந்தச் சொல்லில் நான் அடங்கிப்போனேன். நான் பெரிய பக்திக்காரி இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் நீ எங்கே நிற்கிறாயோ, யாரிடம் வழி கேட்கிறாயோ என்றுதான் என் மனம் அலைந்தது. என் கையால் போடும் ஒரு பிடி இறாலால் உன் வழி மறிபட்டுவிடுமோ என்று பயந்தேன். உனக்காகத்தான் உன் சொல்லை மீறினேன். இது உனக்கு விளங்குமா?

நொத்தாரிசுக்குச் சோறு போட்டேன். கீரை அவித்துப் போட்டேன். பூசணிக்காய் மசித்துப் போட்டேன். மணந்து பார்த்துவிட்டு மூலைக்குப் போய்விட்டது. சோற்றை ஜூரிமார் தின்றார்கள். ஒரு கிழமையில் நன்றாகக் கொழுத்தும்விட்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலை எண்ணினேன், ஆறு. திரும்ப எண்ணினேன். பில்டருக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தேன். எங்கேயாவது ஒளித்திருக்கும் என்றா சின்னம்மா. நாலு பக்கமும் கண்ணாடியாக இருக்கிற தொட்டியில் எங்கே ஒளிப்பது? இரண்டு நாள் கழித்து ஐந்து. அடுத்ததை என் கண்ணாலேயே கண்டேன். நொத்தாரிசு மூலையில் சும்மாதான் இருந்தது. திடீரென்று கழுத்து நீண்டது, அவ்வளவு நீளக் கழுத்து அதற்குள் இருக்கிறது என்று இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது. தண்ணீரில் இரண்டு செதில் மிதந்தது, அவ்வளவுதான். நான் கண்ணாடியில் அடித்து "விடு, விடு" என்று கத்தினேன்.

மிச்சமிருந்த நாலையும் ஒரு வாளியில் எடுத்து விட்டேன். புத்திசாலி என்று நினைப்பு. காற்றுப் பம்ப் இல்லாத தண்ணீரில் அடுத்த நாள் காலை இரண்டு செத்து மிதந்தன. அவை ஆமை தின்றவை அல்ல, நான் கொன்றவை. மற்ற இரண்டையும் திரும்பத் தொட்டியில் விட்டுவிட்டுச் சாமி அறையில் போய் இருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் சின்னம்மா குளிக்கும் நேரம் பார்த்துச் சந்தைக்குப் போனேன். மீன் பக்கம் வரைக்கும் போனேன். வாசம் மூக்கில் பட்டதும் கால் நின்றுவிட்டது. உன் சாம்பல் அப்போது பானையில் இருந்தது. கீரை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

முப்பத்தோராம் நாள் முகத்துவாரத்தில் உன்னைக் கடலில் கரைத்தோம். ஐயர் அவசரத்தில் இருந்தார், அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு வீடு இருந்தது. சாம்பலை நான்தான் விட்டேன். அலை திரும்பக் கொண்டுவந்து என் காலில் விட்டது, பிறகு கொண்டுபோயிற்று. வீட்டுக்கு வந்து விளக்கேற்றிப் படைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அதில் நொத்தாரிசைத் தவிர ஒன்றும் இல்லை. உன் படையலுக்குப் பக்கத்தில் இருந்து நான் அழுத அழுகையைப் பார்த்து எல்லோரும் பாவம் என்றார்கள். உனக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். பாதி அழுகை மீனுக்காக. இதை நான் யாருக்குச் சொல்ல?

அடுத்த நாள் சின்னம்மா ஊருக்குப் பஸ் ஏறினா. அவவை ஏற்றிவிட்டு அப்படியே கோட்டைக்குப் போய்க் கொட்டாஞ்சேனை பஸ் பிடித்தேன். நீ ஆமை வாங்கிய கடையில் ஏழு மீன் வாங்கவேண்டும். என் போனில் ஜூரிமாரின் படம் இருந்தது. அதே நிறம், அதே அளவில் ஏழு. உன் படத்துக்கு முன்னால் ஏழு மீன் ஓடவேண்டும், நீ கவனிக்கக்கூடாது. பார், செத்துப்போன உன்னை ஏமாற்றுவதற்குப் பஸ் ஏறிப் போனேன்.

கடைக்காரர் பெனடிக்ட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. படத்தைப் பார்த்தவுடனே நிமிர்ந்தார்.

"இது சிறி அண்ணன்ட தொட்டியில்ல? நீங்க அக்காவா?"

ஓம் என்றேன். நீ போய்விட்டாய் என்றேன். அவர் வானொலியை நிறுத்திவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்துவிட்டார். சிலுவை போட்டுக்கொண்டார். தொட்டிகளின் பம்ப் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து வலையை எடுத்தார்.

"எத்தனை எடுக்கட்டும் மிஸ்? வழக்கமா ரெண்டு, மூணுதான் எடுப்பாரு."

"என்ன வழக்கம்?"

வலை அந்தரத்தில் நின்றது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதை விளங்கிக்கொண்டார், பாவம். நான் விடவில்லை. நான் யாரை விட்டிருக்கிறேன்?

"மாசத்துல ரெண்டு வாட்டி வருவாரு மிஸ். கோர்ட் முடிஞ்சு நடந்தே வருவாரு. போன்ல படத்தக் காட்டுவாரு, இதுக்கு வால் நுனி வெள்ளை, இதுக்குக் கண்ணுக்குக் கிட்ட புள்ளின்னு. ஒரு மணித்தியாலம் நின்னு தேடுவாரு. 'அக்கா காலைல எண்ணுவா பெனடிக்ட், பிழை பிடிக்கிறதுல அவவ வெல்ல ஏலாது'ன்னு சிரிப்பாரு."

"எவ்வளவு காலமாய்?"

"ஆமை வாங்கின ரெண்டாம் கிழமையிலருந்து."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். முப்பத்தாறு வருடம் பிழை பார்த்த கண்ணுக்குக் காலையில் ஏழு இருக்கிறதா என்று மட்டும்தான் தெரிந்தது. எந்த ஏழு என்று தெரியவில்லை. பதினொரு வருடமாக நொத்தாரிசு தின்றுகொண்டேதான் இருந்திருக்கிறது. நீ சட்டைப் பைக்குள் பொலித்தீன் பையில் மீனைக் கொண்டுவந்து, நான் குளிக்கிற நேரம் பார்த்து விட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

முப்பத்தொரு நாள் உன் படத்திடம் கேட்ட அதே கேள்வி, அதே சொல். பெனடிக்ட் வலையை உதறித் தொங்கவிட்டார்.

"சொன்னா ஏசுவீங்கன்னுதான் மிஸ். ஆமையையும் வெளிய போட்டுடுவீங்கன்னு. நீங்க நல்லவங்கன்னுதான் எப்பவும் சொல்லுவாரு. ஆனா ஒண்ணு சொல்லப்போனா முதல்ல பேச்சு விழும், பிறகுதான் கேப்பீங்கன்னு."

இதை ஒரு மீன் கடைக்காரர் எனக்குச் சொன்னார், சிறி. கோபத்தோடு சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். அதனால்தான் நம்பினேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த வகை ஆமைக்கு அடியில் மணல் வேண்டுமாம், அதற்குள் புதைந்து கிடந்தால்தான் நிம்மதியாம், வெறும் கண்ணாடியில் உரசினால் வயிறு புண்ணாகுமாம். உன்னிடம் எத்தனையோ தரம் சொன்னாராம். அக்காவிடம் கேட்கவேண்டும் என்றாயாம். கேட்டாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. "வீட்டுக்குள்ளை மணலும் சேறும் வேண்டாம்" என்றேன். அந்தக் கதை அதோடு முடிந்தது.

மீன் வாங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவும் இல்லை, தெகிவளை தாண்டித்தான் தெரிந்தது. எனக்கு அந்தப் படிக்கட்டுத்தான் கண்ணுக்குள் நின்றது. நீ விழுவதற்குச் சில மாதம் முன்பு ஒரு நாள், லிப்ட் பழுது, மூன்றாம் மாடிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் மேலே நின்று கையில் மரக்கறிப் பையோடு திரும்பிப் பார்த்தேன்.

"என்னடா?"

"அக்கா..."

"கண்ட கண்ட கடைச் சாப்பாடு திண்டால் வாய்வு பிடிக்காமல் வேறை என்ன செய்யும்? எத்தினை தரம் சொன்னனான் உனக்கு?"

"ஓம் அக்கா" என்றாய். ஏறி வந்தாய். டொக்டரின் அந்தத் துண்டுச் சீட்டு அப்போது உன் பையில் இருந்திருக்கிறது. 'அக்கா' என்று சொல்லி நிறுத்தினாயே, அதற்குப் பிறகு என்ன சொல்ல வந்தாய்? அன்றைக்குச் சொல்லத்தான் வாயெடுத்தாயா? ஒரு மீன் செத்ததைச் சொல்லப் பதினொரு வருடம் பயந்தவன், நெஞ்சு நோகிறது என்று என்னிடம் எந்த வாயால் சொல்லுவாய்?

உன்னில் கோபம் போய்விட்டது. அது போனதும் நிற்பதற்கு ஒரு இடம் இல்லாமல் போயிற்று. கோபம் இருந்தவரை நீ எங்கோ பக்கத்து அறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பது போல இருந்தது. இப்போதுதான் நீ செத்துப்போனாய் எனக்கு.

அந்தக் கிழமையே ஆற்றுமணல் வாங்கினேன். மூன்றாம் மாடிக்கு இரண்டு மூட்டை. குழாயடியில் பத்துத் தரம் தண்ணீர் மாற்றிக் கழுவினேன். நொத்தாரிசைத் தூக்கும்போது வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன். பெனடிக்ட் சொன்னது சரி, கீழே தோல் சிவந்து இரண்டு இடத்தில் உரிந்திருந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். தெரியாது, பார்க்கவில்லை என்றேன். எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதை நீ கேட்டிருக்கவேண்டும்.

மணல் போட்டுத் தண்ணீர் தெளிந்ததும் உள்ளே விட்டேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நடுவில் நின்று உடம்பை இரண்டு பக்கமும் அசைத்தது. மணல் கிளம்பியது. அடங்கியபோது ஆமையைக் காணவில்லை, மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. நான் தரையில் இருந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்" என்றேன். அதற்குச் சொன்னேனா உனக்குச் சொன்னேனா என்று தெரியவில்லை.

இப்போது பின்னேரங்களில் சந்தைக்கு நான்தான் போகிறேன். நீ வழமையாக வாங்கும் சிங்கள மீன்காரர், முதல் நாள் என்னைப் பார்த்ததும் "மஹத்தயா கோ, மிஸ்?" என்றார், ஐயா எங்கே என்று. "நெத்தி வுணா" என்றேன், இறந்துவிட்டார் என்று. என் சிங்களத்தில் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. "அனே" என்று பரிதாபப்பட்டார். வேறொன்றும் கேட்காமல், இறாலைத் தோலுரித்துச் சின்னச் சின்னதாக வெட்டித் தந்தார். நீ அப்படித்தான் வெட்டச் சொல்லுவாயாம், சைகையில் காட்டினார். உன்னைப் பற்றி இந்த ஊரில் எனக்குத் தெரியாதது இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்?

நொத்தாரிசு இனித் தனியாகத்தான். கால்வாயில் விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வெளிநாட்டு ஆமையை இங்கே விடக்கூடாதாம், அதோடு நான் விடவும் மாட்டேன். மீன் இல்லாத தொட்டியைப் பார்த்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஆமை தின்றுவிட்டது, நான் பட்டினி போட்டேன், பதினொரு வருடமாகவும் அது தின்றதுதான், தம்பி எனக்குப் பயத்தில் மறைத்தான் என்று சொல்கிறேன். சின்னம்மாவுக்கும் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் சின்னனிலையும் அப்பிடித்தான்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டா.

போன ஞாயிறு அவவே எடுத்தா.

"பிள்ளை, நான் ஒண்டு சொன்னால் ஏசமாட்டியே?"

"சொல்லுங்கோ" என்றேன்.

"வலக்கண் தெரியேல்லை. ஆறு மாதமாய்த் தெரியேல்லை."

"ஏன் இவ்வளவு நாளும்" என்று பாதி வெளியே வந்துவிட்டது. வந்ததுதான். பல்லைக் கடித்து மிச்சத்தை நிறுத்தினேன். அவ வைத்துவிட்டாவோ என்று போனைக் காதோடு அழுத்தினேன்.

"இல்லைச் சின்னம்மா. நான் ஏசேல்லை. நீங்கள் சொல்லுங்கோ, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அவ சொன்னா. கிணற்றடியில் விழுந்ததைச் சொன்னா. அரிசியில் கல் பார்க்க முடியாததால் முருகன் பேரைச் சொல்லி அப்படியே உலையில் போடுவதைச் சொன்னா. இருட்டினால் வாசலுக்குப் போகப் பயமாக இருப்பதைச் சொன்னா, இதைச் சொல்லும்போது அழுதா. அரை மணித்தியாலம் சொன்னா. இடையில் நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை. வியாழக்கிழமை இங்கே வருகிறா, கண் டொக்டரிடம் நாள் எடுத்திருக்கிறேன்.

உனக்கு நான் எல்லாம் செய்தேன், சிறி. சோறு போட்டேன், இஸ்திரிப்பெட்டியால் சட்டை அழுத்தினேன், உன் மொழிபெயர்ப்பில் ஒற்றுப்பிழை பார்த்தேன். நீ சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, அது ஒன்றைத்தான் செய்யவில்லை. இனிமேல் யார் என்ன சொல்ல வந்தாலும் அவர்கள் சொல்லி முடிக்கும்வரை இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. இந்தத் தரம் அதட்டாமல் தருகிறேன்.

அந்தப் படியில் நின்று "அக்கா" என்றாயே. மிச்சத்தையும் சொல்லு, ராசா. நான் ஏசமாட்டேன்.

கேட்டுக்கொண்டிருக்கும்,
உன் அக்கா